முன்பக்க வண்ணமும் பின்பக்கக் கணக்கும்

செபராங் ஜெயாவில் மாலைப்பொழுது வண்ணங்களோடுதான் வரும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பினாங்குப் பாலத்தை நோக்கிச் செல்லும் சாலையும் நெருங்கி வரும் அவ்வட்டாரத்தில், வீட்டுமனைக்கும் கைத்தொலைபேசிக்கும் குழந்தைப் பாலுக்கும் உரிய விளம்பரப் பலகைகள் பொழுது சாயும்போது ஒவ்வொன்றாக ஒளி பெறும். 1970-களில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் எழுப்பத் தொடங்கிய நகர் அது. அதன் வரிசை வீடுகளில், பிறைத் தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்ந்தவர்களும் அவர்தம் மக்களும் வாழ்கின்றனர்.

அவ்வீடுகளுள் ஒன்றின் கூடத்தில், பணி ஓய்வு பெற்று இரண்டு திங்களே கடந்திருந்த தமிழாசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். எதிரே, அவரிடம் ஆறாம் ஆண்டு பயின்ற பழைய மாணவன். இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றவன். இன்று பிறையில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். ஆசிரியரை வணங்கிவிட்டு, அவன் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது ஒரு கையேடு. மங்கல மஞ்சள் அட்டை. குங்குமச் சிவப்பில் நிறுவனத்தின் பெயர். மூலையில் பொன்னிறக் குத்துவிளக்கு. திறந்தால் கரும்பச்சை மலைச்சரிவு, அதன்மேல் நீலவானம், பிளந்து வைத்த டுரியான் பழம். முசாங் கிங் டுரியான் தோட்டத்தில் முதலிட்டால் மாதந்தோறும் 8 விழுக்காடு வருவாய் என்று நடுப்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

ஆசிரியரிடம் பணிக்கொடையாக வந்த பணம் இருந்தது. அதில் 80,000 வெள்ளியை இளைய மகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். மாணவனுக்கு அது தெரியாது. “உங்களால் முடிந்ததைப் போடுங்கள், ஐயா. என் வழியாகச் சேர்ந்தால் எனக்கும் கொஞ்சம் தரகு கிடைக்கும்” என்று ஒளிக்காமலே சொன்னான். அந்த அளவில் அவன் நேர்மையானவன்தான்.

ஆசிரியர் கையேட்டை இருமுறை புரட்டினார். ஒரு வரியையும் முழுமையாகப் படிக்கவில்லை. எனினும் அவர் மனம் இளகத் தொடங்கிற்று. அதில் வியப்பொன்றும் இல்லை. விளம்பரத்தில் நிறம் செய்யும் வேலையே அதுதான். எழுத்தைப் படிக்கக் கண்ணும் கருத்தும் வேண்டும். நிறத்திற்குக் கண் மட்டும் போதும். எழுத்தறியாத குழந்தை கடையில் பச்சை டின்னைச் சுட்டிக் காட்டினால், அது மைலோவைக் கேட்கிறது என்று கடைக்காரர் அறிவார். மஞ்சளும் கறுப்பும் கண்டால் மேபேங்க்கும், சிவப்பு விமானம் கண்டால் ஏர் ஏசியாவும் பெயர் படிக்கப்படும் முன்னரே நினைவுக்கு வந்துவிடுகின்றன. இவ்வாறு ஒரு நிறத்தை ஒரு பெயரோடு பிணைப்பதற்கு நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் பெரும்பொருள் செலவிடுகின்றன. அதில் பிழை காண்பதற்கில்லை. டின்னின் நிறம் பச்சை என்பதனால் உள்ளே உள்ள பானம் கெட்டுவிடுவதில்லை.

நிறங்களுக்குப் பொருள் தருவது அந்தந்தச் சமுதாயத்தின் பழக்கம். இந்நாட்டில் அதை நாள்தோறும் காணலாம். சீனப் பெருநாளில் அன்பளிப்புப் பணம் சிவப்பு உறையில் வரும். நோன்புப் பெருநாளில் பச்சை உறையில் வரும். தீபாவளிக்கு ஊதா உறை வழக்கத்திற்கு வந்திருக்கிறது. சீனர் வீட்டுத் துக்கத்திற்குச் சென்றால் பணத்தை வெள்ளை உறையில் இட்டுக் கொடுக்க வேண்டும். பங்குச் சந்தையிலும் இவ்வேறுபாடு உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் விலை ஏறிய பங்கைச் சிவப்பில் காட்டுவர். நம் புர்சா மலேசியாவின் விலைப்பலகையிலோ ஏற்றம் பச்சை, இறக்கம் சிவப்பு.

தமிழர் வீட்டுக்கு விளம்பரம் வந்த வழியும் நிறத்தின் வழியே. இரவிவர்மா 1894 இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் தெய்வ ஓவியங்களைக் கல்லச்சில் பலவண்ணப் படங்களாக்கிப் பரப்பினார். சில ஆண்டுகளில் அத்தகைய படங்களின் கீழே வணிகர்களின் பெயர்கள் இடம்பெறலாயின. நாட்காட்டியில் இலட்சுமி மேலே வீற்றிருக்க, மளிகைக் கடையின் முகவரி கீழே நின்றது. பூசையறையில் மாட்டிய படத்தை யார் விளம்பரம் என்று எண்ணுவர்? அந்தக் கடையின் அரிசி நன்றாகவும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இலட்சுமியைக் கண்டு அரிசியை அறிய இயலாது.

ஆசிரியர்களுக்கு இது புதிய பாடமன்று. கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதினால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்த்தவர்கள் எல்லாரும் புரிந்துகொண்டார்கள் என்று எந்த ஆசிரியரும் மதிப்பெண் இட்டதில்லை.

மாணவன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவன் பை நாற்காலியிலிருந்து சரிந்தது. உள்ளிருந்து மேலும் சில கையேடுகள் தரையில் பரவின. சில சிவப்பும் பொன்னும் கலந்தவை; சில கரும்பச்சை. ஆசிரியர் குனிந்து மூன்று நிறத்திலும் ஒவ்வொன்றை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். அதே மலைச்சரிவு, அதே டுரியான், அதே 8 விழுக்காடு. சீனருக்குச் சிவப்பு, மலாய்க்காரருக்குப் பச்சை, தமிழருக்கு மஞ்சளும் குத்துவிளக்கும். “ஆளுக்கு ஏற்ற மாதிரி கொடுக்கச் சொன்னார்கள், ஐயா” என்றான் மாணவன். ஆசிரியர் மூன்றையும் திருப்பிப் போட்டுப் பின்னட்டைகளைப் பார்த்தார்.

பின்னால் இருந்து படிப்பது அவருக்கு நெடுநாள் பழக்கம். புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் பங்குகள் சிலவற்றை அவர் பல ஆண்டுகளாக வைத்திருந்தார். ஆண்டுதோறும் அதன் ஆண்டறிக்கை வரும். முன்பு கனத்த புத்தகமாக அஞ்சலில் வந்தது, இன்று கணினித் திரையில் வருகிறது. வடிவம் மாறியதே தவிர அமைப்பு மாறவில்லை. முன்பாதி முழுதும் வண்ணப் படங்கள்: தலைவர் புன்னகை புரிவார், தொழிலாளி தலைக்கவசம் அணிந்து தொலைவை நோக்குவார், எங்கேனும் ஒரு குழந்தை செடிக்கு நீர் ஊற்றும். பாதிக்கு மேல் போனால் வண்ணம் திடீரென்று நின்றுவிடும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் சிறிய எழுத்துகளில் கணக்கு தொடங்கும். முன்பாதியில் என்ன எழுதுவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்கிறது. பின்பாதியில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சட்டமும் கணக்கியல் நெறிகளும் முடிவு செய்கின்றன. ஆகவே நிறுவனத்தை அறிய விரும்புவோர் அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது நலம்.

அங்கே முதலில் தேட வேண்டியது தணிக்கையாளரின் அறிக்கை. கணக்கு உண்மையான, நேரிய நிலையைக் காட்டுகிறது என்று அவர் தடையின்றிச் சொல்கிறாரா, அன்றி ‘இது நீங்கலாக’ என்று ஒரு சொல்லை இடையில் வைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அந்தச் சிறிய சொல் முன்பாதிப் படங்கள் அனைத்தையும்விடக் கனமானது. அடுத்து, நட்டம் எங்கே என்று தேட வேண்டும். கணக்கில் நட்டத்தைச் சிவப்பு மையில் எழுதிய காலம் போயிற்று. இப்போது எண்ணின் இருபுறமும் இரண்டு வளைவுகள் நிற்கும், அவ்வளவுதான். அடைப்புக்குறியைக் கவனியாதவர் நட்டத்தை இலாபமாகவே படித்துவிடுவார்.

பிறகு, இலாபத்தையும் கைக்கு வந்த ரொக்கத்தையும் ஒப்பிட வேண்டும். தோட்டப்புறத்தில் வளர்ந்தோருக்கு இதை விளக்க 555 புத்தகம் போதும். கடைக்காரர் கடனுக்குச் சாமான் கொடுத்து அச்சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பார். மாத முடிவில் ஏட்டைக் கூட்டிப் பார்த்தால் விற்பனை அமோகமாக இருக்கும். கல்லாவைத் திறந்தால் சில்லறைதான் கிடக்கும். ஏட்டில் உள்ளதும் இலாபமே; ஆனால் சம்பள நாளில் அது வசூலானால்தான் கடைக்காரர் அடுத்த மூட்டை அரிசி வாங்க முடியும். பெரிய நிறுவனங்களிலும் இதே கதைதான். விற்பனை ஆண்டுதோறும் ஏறுகிறது, வரவேண்டிய கடன் அதைவிட வேகமாக ஏறுகிறது, ரொக்கமோ குறைகிறது என்றால் 555 புத்தகம் தடித்துக்கொண்டே போகிறது என்று பொருள். டிரான்ஸ்மைல் என்னும் விமானச் சரக்கு நிறுவனம் பட்டியலில் மதிப்போடு இருந்த ஒன்று. 2007 இல் அதன் தணிக்கையாளர்களால் விற்பனைக்கும் வரவேண்டிய கடனுக்கும் உரிய ஆவணங்கள் சிலவற்றைப் பெற இயலவில்லை. தனித் தணிக்கை நடந்தது. வருமானம் மிகைப்படுத்தப்பட்டிருந்தது வெளிப்பட்டது. இலாபம் என்று அறிவித்திருந்த ஆண்டுகள் நட்ட ஆண்டுகளாயின.

குறிப்புகளின் பகுதியில் இன்னொன்றும் இருக்கும்: இயக்குநர்களோடும் அவர்தம் உறவினர்களோடும் நிறுவனம் செய்த கொடுக்கல் வாங்கல். தலைவரின் தம்பி நடத்தும் கடைக்கு நிறுவனம் வாடகை கொடுக்கிறதா, எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும். பங்குதாரர் பொதுக்கூட்டத்திற்கு வருவோருள் உணவுப் பொட்டலத்தையும் அன்பளிப்புப் பையையும் பெற்றுத் திரும்புவோர் பலர். இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வினா எழுப்புவோர் மிகச் சிலர். திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலைத் தொலைப்பதை அது கண்டிக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக் கரும்பலகையை நிரப்பிய ஆசிரியர்களே தம் சேமிப்பைக் கையேட்டின் அட்டையைப் பார்த்து ஒப்படைப்பதுதான் வேதனை.

இந்நாட்டுத் தமிழர் முதலீட்டின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1950-களில் வெள்ளையர் தம் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம். செபராங் ஜெயாவிலிருந்து அது நெடுந்தொலைவன்று. நம் ஆசிரியரின் தந்தையாரும் அவ்வட்டாரத்துப் பால்வெட்டுத் தொழிலாளியே. பத்து வெள்ளி கட்டியவர்களுள் ஒருவர்.

அன்றைக்கு அவர்களிடம் வண்ணக் கையேடு இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தோரும் மிகுதியாக இல்லை. ஆயினும் முதலீட்டை மதிப்பிடும் கல்வி அவர்களிடம் இருந்தது. எந்த மரம் முதிர்ந்தது, எந்த நிரையில் பால் குறைந்தது, எத்தனை ஆண்டு இன்னும் வெட்டலாம், எப்போது மறுநடவு வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். தலைவரை நம்பித்தான் பணம் கொடுத்தார்கள். ஆனால் வாங்கப்போகும் பொருளைத் தலைவரைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

1982 இல் ம.இ.கா. மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. சமுதாயத்திற்கு நாட்டின் பொருளாதாரத்தில் பங்கு வேண்டும் என்பது அதன் முழக்கம், அம்முழக்கம் நியாயமானதே. ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினர். 106 மில்லியன் வெள்ளி திரண்டது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பணம் கட்டிய குடும்பங்கள் உண்டு. இறுதியில் 2010 இல் வேறொரு நிறுவனம் அப்பங்குகளை வாங்க முன்வந்தபோது, ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு விலை கூறப்பட்டது. ஆண்டுக்கு 3 விழுக்காடு கூட்டுவட்டி என்று வைத்தாலும் ஒரு வெள்ளி 28 ஆண்டுகளில் 2 வெள்ளி 29 காசு ஆகியிருக்கும். இடையில் என்ன நடந்தது என்பது பற்றிப் பல சர்ச்சைகள் உண்டு, அவை தனிக்கதை. இங்கு எண்ண வேண்டியது வேறு. அன்று பங்கு வாங்கியோருள் எழுத்தர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு. இந்நிறுவனம் என்ன தொழில் செய்யும், எத்தனை ஆண்டில் ஈட்டும், கணக்கை யார் பார்ப்பார் என்று அவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பர்? நம்மவர், நம் மொழி, நம் தலைவர் என்பதும் ஒரு நிறமே. எல்லா நிறங்களினும் அதுவே அடர்ந்தது. கேள்வி கேட்பவனை இனத்துரோகி என்று எண்ண வைப்பது.

இத்தனையும் ஆசிரியரின் மனத்தில் ஓடிற்றா என்று சொல்வதற்கில்லை. முதல் கேள்வியைக் கேட்டவர் அவர் மனைவியார். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மஞ்சள் கையேட்டில் இருந்த மரத்தைச் சற்று நேரம் பார்த்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர். “ஏன் தம்பி, டுரியான் மாதா மாதமா காய்க்குது?” என்றார்.

மாணவன் விடை சொல்லவில்லை. பாலிக் பூலாவ் மலையில் நடுவாண்டில் பழம் விழுவதைப் பினாங்கில் அறியாதவர் இல்லை. ஒட்டுக்கட்டிய கன்றாயினும் நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். காய்த்த பின்னும் ஆண்டுக்கு ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு. ஆக, மரம் தராத மாதங்களில் வருவாய் எங்கிருந்து வரும்?

ஆசிரியர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டார். மாதம் 8 விழுக்காடு எடுக்காமல் சேர்ந்துகொண்டே போனால், 80,000 வெள்ளி ஓராண்டில் 2 இலட்சத்தைத் தாண்டும். மூன்று ஆண்டில் ஏறத்தாழ 12 இலட்சத்து 77 ஆயிரம். பத்தாம் ஆண்டு 82 கோடி. ஊழியர் சேமநிதி அண்மை ஆண்டுகளில் அறிவித்த ஈவு ஆண்டுக்கு 5, 6 விழுக்காட்டை ஒட்டியது. நாட்டின் மிகப் பெரிய நிதி ஓராண்டில் ஈட்டுவதை இந்தத் தோட்டம் ஒரு மாதத்தில் மிஞ்சுமாயின், இதை ஏன் வீடு வீடாகச் சென்று விற்க வேண்டும்? 2017 இல் பினாங்கிலிருந்து இயங்கிய ஜே.ஜே.பி.டி.ஆர். என்னும் திட்டம் மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்னது. சீன மொழியில் அதன் பெயருக்கு எளிய மக்களைக் காப்பது என்று பொருள். அதே ஆண்டில் பேங்க் நெகாரா அதைத் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது, திட்டமும் சரிந்தது.

பின்பு ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, மூன்று பின்னட்டைகளிலும் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த பதிவு எண்ணைப் படித்தார். ‘25 ஆண்டு அனுபவம்’ என்று முன்னட்டை பொன்னெழுத்தில் சொல்லியிருந்தது. நிறுவனங்களின் பதிவு எண் 2019 அக்டோபர் முதல் பன்னிரண்டு இலக்கங்களாக அமைந்துள்ளது. முதல் நான்கும் நிறுவனம் பதிவான ஆண்டைக் குறிக்கும். பழைய நிறுவனங்களுக்கும் அவ்வாறே புது எண் தரப்பட்டது. பின்னட்டை எண்ணின் முதல் நான்கு இலக்கங்களும் சென்ற ஆண்டையே காட்டின. பெயரின் கடைசியில் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்றிருந்தது. அத்தகைய தனியார் நிறுவனம் ஐம்பது பங்குதாரர்க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பங்கு வாங்க வாருங்கள் என்று பொதுமக்களை அழைக்கவும் அதற்கு உரிமையில்லை. பொதுமக்களிடம் பங்கு விற்பதென்றால் தகவலறிக்கை வெளியிட்டுப் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிய வேண்டும். அவ்வறிக்கையிலேயே, பதிவு செய்ததனால் ஆணையம் இதைப் பரிந்துரைப்பதாகக் கொள்ளலாகாது என்று அச்சிட்டிருக்கும். வைப்புத்தொகை பெறுவதற்கோ 2013 ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி உரிமம் வேண்டும். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணம் செலுத்தினால் இயக்குநர் யார், முதல் எவ்வளவு, தாக்கல் செய்த கணக்கு உண்டா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாணவனின் கைத்தொலைபேசியிலேயே பார்த்தார்கள். செலுத்தப்பட்ட முதல் 100 வெள்ளி. கணக்கு எதுவும் தாக்கலாகவில்லை.

“தம்பி, நீ எவ்வளவு போட்டிருக்கிறாய்?” என்று ஆசிரியர் மெல்லக் கேட்டார்.

“பன்னிரண்டாயிரம், ஐயா. அம்மாவின் சங்கிலியை வைத்ததும் சேர்த்து. மூன்று மாதம் ஒழுங்காக வந்தது.” சற்று நிறுத்தி, “இன்னும் ஏழு பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறேன்” என்றான்.

“அந்த மூன்று மாதப் பணம் எந்த மரத்தில் காய்த்தது?”

அவன் தலை குனிந்திருந்தான். அந்த ஏழு பேரில் அவனுடைய அக்காள் ஒருத்தி. பக்கத்துத் தெரு மலாய்க்காரர் ஒருவர். தொழிற்சாலையில் அவனோடு இரவு வேலை பார்க்கும் சீன நண்பர் ஒருவர். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அவன் கையாலேயே சென்றிருந்தன. ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கோடிட்ட தாளை எடுத்து அவன் முன் வைத்தார். ஏழு பெயர்களையும், ஒவ்வொருவரும் கொடுத்த தொகையையும், கொடுத்த நாளையும் வரிசையாக எழுதச் சொன்னார். அவன் கையெழுத்து ஆறாம் ஆண்டில் இருந்ததைப் போலவே சற்று வலப்புறம் சாய்ந்திருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தைத் தமிழில் எழுதுவதா, மலாயில் எழுதுவதா என்று கேட்டான்.

“மலாயில் எழுது. பதிவு எண்ணைத் தலைப்பிலேயே போடு. ஒரு படியைப் பேங்க் நெகாராவுக்கும் அனுப்ப வேண்டும்” என்றார் ஆசிரியர். உள்ளே மனைவியார் இன்னும் ஓர் ஆழாக்கு அரிசியை உலையில் போட்டார்.